சந்தை மணியும் சொல்லடைவில் ஒரு பெயரும்

சென்ற வாரம் எனக்கு ஒரு கேள்வி வந்தது. பணியில் இருந்த காலம் முழுவதும் கேள்வி அனுப்பும் பக்கத்தில் இருந்தவன் நான். பதில் சொல்லும் பக்கத்தில் உட்காருவது இதுவே முதல் முறை. நாற்காலி சற்று உயரமாகத்தான் இருக்கிறது.

கேட்டவர் காயத்ரி. இங்கிலாந்துப் பதிப்பாளர்களுக்காக நூல்களைப் பிழைதிருத்தி, பக்கம் கட்டி, அச்சுக்கு அனுப்பும் புதுச்சேரி நிறுவனம் ஒன்றில், நான் விட்டுவந்த பொறுப்பில் இப்போது இருப்பவர். பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் செய்துகொடுத்த ஒரு பெரிய நூலை மின்னூலாக மாற்றுகிறார்கள். இங்கிலாந்தில் மத்திய காலத்தில் இருந்த ஒரு துறவியர் மடத்தையும் அதைச் சுற்றி வளர்ந்த ஊரையும் பற்றிய வரலாறு அது. நூலின் கடைசியில், எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் சொல்லடைவை இப்போது இயந்திரம் செய்துவிடுகிறது. நான் ஏழு மாதம் செய்ததை அது ஏழு நிமிடத்தில் செய்திருக்கிறது. செய்துவிட்டுச் சும்மா இருக்காமல், என்னுடையதையும் தன்னுடையதையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒரு குறையும் சொல்லியிருக்கிறது: 'அஞ்சலை, ந., முன்னுரை ஒன்பதாம் பக்கம். அப்பக்கத்தில் இப்பெயர் இல்லை. நீக்கலாமா?'

திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார் காயத்ரி.

விதிப்படி நீக்க வேண்டியதுதான். பக்கத்தில் இல்லாத பெயர் சொல்லடைவில் இருக்கக்கூடாது என்ற அந்த விதியை, வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அஞ்சலை என் மனைவி. கடந்த தை மாதம் காலமானார். வாசகரைக் காக்கவைத்துப் பின்னால் வெளியிடுவது எனக்குப் பழக்கமில்லை. ஆகவே முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கூடவே காயத்ரி ஒரு வேண்டுகோளும் வைத்தார். அந்தக் காலத்தில் எப்படி வேலை செய்தீர்கள் என்று புதியவர்கள் கேட்கிறார்கள், எழுதித் தாருங்கள் என்றார். இரண்டுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். ஊரின் பெயர், நூலின் பெயர், நிறுவனத்தின் பெயர் மூன்றையும் தவிர்க்கிறேன். மூன்றும் நலமாக இருக்கின்றன. என்னால் எந்தத் தொந்தரவும் வேண்டாம்.

என் பயிற்சிக் காலத்தில் சொல்வதற்கு அதிகமில்லை. கல்லூரியில் லத்தீனும் பிரெஞ்சும் படித்தேன். இரண்டையும் படித்தவனுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று என் தந்தையார் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, ஒரு பழைய பிரெஞ்சு வீட்டின் மாடியில் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது. அங்கே அச்சுப் பிழை பார்க்கும் மெய்ப்புப் பிரிவின் தலைவராக இருந்தவர் முசே சவரிநாதன். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா.

முசேவைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். கத்தோலிக்கக் குருவாவதற்கு ஆறு ஆண்டு படித்துவிட்டு, ஏழாம் ஆண்டில் திரும்பி வந்தவர். ஏன் வந்தார் என்று யாரும் கேட்டதில்லை. வந்தவர் குருமடத்தை விட்டுவரவில்லை, கையோடு கொண்டுவந்துவிட்டார் என்பதே எங்கள் கருத்து. எங்கள் பிரிவில் வேலை தொடங்க மணி, உணவுக்கு மணி, முடிக்க மணி. இடைநேரத்தில் பேச்சு கிடையாது. ஒருவர் வாசிப்பார், மற்றவர் கேட்பார். வேறு குரல் எழக்கூடாது. மத்திய காலத் துறவிகள் உணவு உண்ணும்போது ஒருவர் மட்டும் உரக்க வாசிக்க, மற்றவர்கள் மௌனமாக இருப்பார்களாம். பிற்பாடு அந்த மடத்தின் வரலாறு எங்கள் மேசைக்கு வந்தபோது, எங்களில் யாருக்கும் அந்த அத்தியாயத்தில் சந்தேகம் எழவில்லை.

முசே யாரையும் கடிந்து பேசியதில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டிநுனியால் துடைக்கத் தொடங்கினால், பிழை செய்தவர் தானே ஒப்புக்கொண்டுவிடுவார். நூலில் ஐயம் ஏற்பட்டால் கேள்விச் சீட்டு எழுதி, அவர் மேசைக்கு எடுத்துச்சென்று, நின்றபடி படித்துக்காட்ட வேண்டும். அவர் எல்லோரிடமும் ஒன்றே கேட்பார்: "இது ஆசிரியருக்குத் தெரியாததா, நமக்குத் தெரியாததா?" பாதிச் சீட்டுகள் அங்கேயே கிழிந்துவிடும். மீதிதான் இங்கிலாந்துக்குப் போகும். ஆசிரியர் ஒரு கேள்வியைத் தேவையற்றது என்று திருப்பினால், கேட்டவர் பெயருக்கு நேரே ஒரு சிவப்புக் கோடு. தற்காலிக ஊழியருக்கு மூன்று சிவப்புக் கோடு விழுந்தால் வேலை இல்லை.

அந்த மூன்று கோட்டுக்குள்தான் அஞ்சலை வந்தார்.

கனகசெட்டிக்குளத்துப் பெண். ஆங்கில இலக்கியத்தில் பட்டம். தாயார் தினமும் விடியற்காலையில் பஸ் ஏறி வந்து, பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவர். ஆறு மாதத் தற்காலிக வேலை. அதன் பின் நிரந்தரம், அல்லது வீடு. அந்த வேலை நிலைத்தால் தாயாரை அந்த விடியற்கால பஸ்ஸிலிருந்து இறக்கிவிடலாம் என்பது அவருடைய திட்டம். முதல் நாளே இதை என்னிடம் சொல்லிவிட்டார், நேரம் கேட்டால் சொல்வதுபோல.

வாசிப்பவர் அவர், கேட்பவன் நான். அவர் கையில் ஆசிரியரின் மூலப்பிரதி, என் கையில் அச்சுக்கோத்து வந்த மெய்ப்பு. சொற்களோடு குறிகளையும் உரக்கச் சொல்ல வேண்டும். "கேப்பிடல், த ஆபட், கமா, பீயிங் ட்ரங்க், கமா, ஃபெல், ஃபுல் ஸ்டாப்." குடித்திருந்த ஒரு மடாதிபதி கீழே விழுந்த செய்தியை நான் முதன்முதலில் கேட்டது இவ்வாறுதான். அஞ்சலை சிரிக்கவில்லை. முற்றுப்புள்ளிக்குப் பின் சிறிது நேரம் விட்டார், அவ்வளவே. அந்த இடைவெளி எந்த மூலப்பிரதியிலும் இல்லை.

முதல் சிவப்புக் கோடு மூன்றாம் அத்தியாயத்தில் விழுந்தது. மடத்தில் வைத்திருந்த புனிதப் பண்டங்களின் பட்டியலில் ஒரு புனிதருடைய இடது கை இரண்டு முறை வந்தது. அஞ்சலை சீட்டு எழுதினார்: 'ஒருவருக்கு இரண்டு இடது கைகள் வருகின்றன. பிழையா?' முசே கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், அனுப்பிவிட்டார். இங்கிலாந்திலிருந்து ஆசிரியரின் பதில் ஒரே வரியில் வந்தது: 'பிழை இல்லை. மத்திய காலம்.'

இரண்டாவது, மீனால் வந்தது. மடம் இருந்த அந்த ஊர் கடலிலிருந்து ஒன்றரை நாள் வண்டிப்பயணத் தூரம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் இறைச்சி விலக்கு. ஆகவே கடற்கரையிலிருந்து வண்டி வண்டியாக மீன் வரும். நம் ஊர் மத்திக்கு உறவான ஒரு சீமை மீன். அது 'புதிதாக' வந்து சேர்ந்தது என்று ஆசிரியர் எழுதியிருந்தார். அஞ்சலை வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

"சார், இது நடக்காது. எண்ணெ ஏறுன மீனு. காலையில வாங்குனா மத்தியானத்துக்கு மேல பூனகூட மோந்து பாத்துட்டுப் போயிடும். ஒன்றர நாளா?"

எனக்கும் அது மிகச் சரியாகப் பட்டது. நாங்கள் இருவரும் வங்கக் கடலோரத்து வெயிலை அப்படியே இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருக்கிறோம் என்பது எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை. முசேவுக்கும் எட்டவில்லை. மாடியில் மின்விசிறி அரைமனதோடு சுழன்றுகொண்டிருந்தது, வேறெப்படி எட்டும்? சீட்டு போயிற்று.

ஆசிரியர் வயதானவர், கண்ணியமானவர். கேள்வியை மதித்து ஒரு சோதனையே செய்துபார்த்திருக்கிறார். மூன்று மீன்களை வாங்கி வீட்டுச் சன்னலுக்கு வெளியே தட்டில் வைத்து, இரண்டு இரவு கழித்து எடுத்து, பொரித்துச் சாப்பிட்டாராம். தானும் நலம், மீனும் நலமாகவே இருந்தது, தன் மனைவி மட்டும் இன்னும் பேசவில்லை என்று எழுதியிருந்தார். எங்கள் ஊரின் மார்ச் மாதத்தைத் தாங்கள் அறியமாட்டீர்கள் என்பதையும் மிக மென்மையாகக் குறிப்பிட்டிருந்தார். இரண்டாம் சிவப்புக் கோடு.

அன்று மாலை மணி அடித்த பின் அஞ்சலை என்னிடம், இனி வாயைத் திறப்பது வாசிப்பதற்கு மட்டும்தான் என்றார். ஆறு மாதம் முடிய ஐந்து வாரம் இருந்தது.

இரண்டு வாரம் சொன்னபடியே இருந்தார். பிறகு பதினோராம் அத்தியாயம் வந்தது.

அந்த ஊரில் எல்லாம் மடத்துக்குச் சொந்தம். மாவரைக்கும் ஆலை மடத்துடையது, அடுப்பு மடத்துடையது, சந்தை மடத்துடையது. சந்தை கூடுவதே மடத்தின் பெரிய வாசலுக்கு முன்னால்தான். மீன் வண்டி வந்ததும் மடத்தின் உணவுக்கிடங்கைப் பார்க்கும் உக்கிராணத் துறவி இறங்கிவந்து தமக்கு வேண்டியதைப் பொறுக்கி எடுத்துக்கொள்வார். பிறகு வாசல் மணி அடிக்கும். மணி அடித்த பின்புதான் ஊராருக்கு விற்கலாம். ஒரு தவக்கால வெள்ளிக்கிழமை, உச்சிவேளை தாண்டியும் மணி அடிக்கவில்லை. கூட்டம் வாசலை உடைத்து உள்ளே புகுந்து மணியின் கயிற்றை அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. பதினான்கு பேர் தண்டிக்கப்பட்டார்கள். மீன் கிடைக்காமல் பசித்துக் காத்திருந்த ஊர்மக்களின் கோபம் என்று ஆசிரியர் விளக்கியிருந்தார். நூலின் மையமே அந்த அத்தியாயம்தான்.

அஞ்சலை முழுப் பக்கத்தையும் குறி தவறாமல் வாசித்து முடித்தார். பிறகு தாள்களை மேசையில் வைத்துவிட்டார்.

"வாங்க வந்தவங்க எதுக்கு சார் கயித்த அறுக்கறாங்க?"

புரியவில்லை என்றேன்.

"நேரமானா வெல எறங்கும், வாங்கறவங்களுக்கு நல்லதுதானே. பன்னெண்டு மணிக்கு வந்து பாருங்க எங்க மார்க்கெட்ல. வாங்க வந்தவங்க கைய ஆட்டிக்கிட்டு நிதானமா சுத்துவாங்க. விக்கறவங்களுக்குத்தான் ரத்தம் கொதிக்கும். எங்க அம்மா முன்னாடி அந்நேரத்துக்கு நானே நிக்கமாட்டேன்."

கேள்விச் சீட்டு எழுதலாம் என்றேன். முன்னிரண்டு கோடுகளை விரலால் காட்டினார். அத்தியாயம் ஆசிரியருடையது, வேலை தன்னுடையது, இருக்கட்டும் என்றார்.

அப்போது நான் சொல்லடைவுக்கான அட்டைகளை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு பெயருக்கு ஓர் அட்டை. அந்த ஆள் நூலில் எங்கெல்லாம் வருகிறாரோ அந்தப் பக்கங்களும், அங்கே அவர் யாராக வருகிறார் என்ற குறிப்பும் அதில் ஏறும். செருப்புப் பெட்டிகள் நான்கு நிறைந்திருந்தன. அன்று உணவு மணிக்குக் கீழே இறங்காமல், தண்டிக்கப்பட்ட பதினான்கு பேரின் அட்டைகளையும் தேடி எடுத்து மேசையில் வரிசையாக வைத்தேன். ஒருவர் இரண்டாம் அத்தியாயத்தில் மீன்தட்டு வைத்திருந்தார். ஒருவர் ஏழாம் அத்தியாயத்தில் மீன்வண்டிச் சக்கரத்துக்காக வழக்காடியிருந்தார். ஒரு விதவை, கணவரின் மீன்கடையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டிருந்தார். நூல் முழுவதும் தனித்தனியாகச் சிதறிக் கிடந்தவர்கள். பதினான்கில் பத்துப் பேர் மீன் விற்றவர்கள். ஆசிரியர் இவர்களை ஒரே மேசையில் பார்த்ததில்லை. சொல்லடைவு செய்பவனுக்கு மட்டுமே கிடைக்கும் காட்சி அது.

சீட்டை நானே எழுதினேன். கேட்டவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். அஞ்சலை அதை வாங்கிப் படித்து, என் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார்.

"எங்க அம்மா கோவத்த நீங்க எப்படி சார் எடுத்துக்கலாம்?"

முசேவின் மேசைக்கு முன்னால் நின்றபடி அவரே படித்தார். முசே வழக்கமான கேள்வியைக் கேட்டார். "ஆசிரியருக்குத் தெரியாதது முசே. மீன் வித்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்," என்றார் அஞ்சலை. முசே கண்ணாடியைக் கழற்றினார். மிக நீண்ட நேரம் துடைத்தார். சீட்டைக் கிழிக்கவும் இல்லை, அனுப்பவும் இல்லை. இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் காலை மணி அடிக்க முசே வரவில்லை. அவர் பணிக்காலத்தில் அப்படி நடந்ததே இல்லை என்பதால், வேலையைத் தொடங்குவதா என்று தெரியாமல் நாங்கள் ஒரு மணி நேரம் மௌனமாக உட்கார்ந்திருந்தோம். பகல் ஒரு மணிக்கு வந்தார். சட்டை முழுதும் நனைந்திருந்தது. கையில் ஒரு பை; பையிலிருந்து அவருக்கு முன்னால் வாடை உள்ளே வந்தது. காலை எட்டு மணிக்கு ஒரு முறை, நண்பகலில் ஒரு முறை, பெரிய மார்க்கெட்டின் மீன் பகுதியில் நின்று வாங்குபவர் முகத்தையும் விற்பவர் முகத்தையும் ஆராய்ந்திருக்கிறார். காலையில் எல்லா முகங்களும் ஒன்றுபோல இருந்தன என்றார். நண்பகலில், ஒரு தூணோரம் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மாள் அவரைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்:

"இன்னாய்யா, காலையிலயும் வந்த, இப்பயும் வந்து நிக்கற. மீனு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"

அந்த அம்மாளிடம் வாங்காமல் நகர்வது பாதுகாப்பாகத் தெரியவில்லை என்றார் முசே. ஆறு ஆண்டு குருமடத்தில் கற்ற அத்தனை பொறுமையும் அங்கே உதவவில்லையாம். பிற்பாடு விசாரித்ததில் அவர் அஞ்சலையின் தாயார் என்று தெரியவந்தது. முசே இழுப்பறையைத் திறந்து, சீட்டை எடுத்து, தம் கையெழுத்தையும் போட்டு, அன்றே தொலைநகலில் அனுப்பினார். மணி யாருக்குத் தேவை என்று புரிந்தது என்றார். அந்த மீன் யாருக்குத் தேவை என்று கேட்டார். அவர் மீன் உண்பதில்லை. நான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் பதில் இல்லை. ஆறாம் மாதத்தின் கடைசி வாரம் வந்துவிட்டது. அஞ்சலை எப்போதும்போல வாசித்தார். கமாக்கள் மட்டும் சற்று விரைவாக வந்தன.

பதில் வெள்ளிக்கிழமை வந்தது, ஒன்பது பக்கம். தண்டனைப் பதிவேட்டை ஆசிரியர் மறுபடி போய்ப் பார்த்திருக்கிறார். அத்தியாயத்தைத் திருத்தி எழுதியிருந்தார். கலகம் செய்தவர்கள் பசித்தவர்கள் அல்ல. கண்ணெதிரே சரக்கு கெட, மணிக்காகக் கைகட்டி நிற்கவைக்கப்பட்டவர்கள். தன் சன்னலில் இரண்டு நாள் கெடாத மீன், உச்சிவெயில் ஏறிய சந்தையில் ஆறு மணி நேரம் கிடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப்பார்த்ததாகவும், அந்த இரண்டாம் கேள்வியை முழுமையாகத் திருப்பிவிட்டதற்கு வருந்துவதாகவும் எழுதியிருந்தார். கடைசியில், கேட்டவரின் பெயர் வேண்டும் என்றிருந்தார். முன்னுரையில் நன்றி சொல்வதற்காக.

முசே இரண்டாம் சிவப்புக் கோட்டின்மேல் வெள்ளை மையைத் தடவினார். அஞ்சலையை நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்திட்டார். ஆனால் பெயரைக் கொடுக்கவில்லை. மெய்ப்புப் பார்ப்பவர்களுக்குப் பெயர் கிடையாது என்பது எங்கள் விதி. ஆகவே முன்னுரையின் ஒன்பதாம் பக்கத்தில், 'எனக்கு மீன் சந்தையில் நிற்கக் கற்றுக்கொடுத்த புதுச்சேரிப் பெண்மணிக்கு' என்று மட்டும் அச்சாயிற்று.

நான் என் வாழ்நாளில் விதியை ஒரு முறை மீறியிருக்கிறேன். அவருடைய பெயருக்கு ஓர் அட்டை எழுதி அகரவரிசையில் செருகினேன். சொல்லடைவின் மெய்ப்பு வந்தது. அதையும் அவர்தான் வாசிக்க வேண்டும்.

"ஏஞ்சல்ஸ், கமா, கார்வ்ட், கமா, டூ ஹன்ட்ரட் அண்ட் சிக்ஸ்," என்றார். செதுக்கப்பட்ட வானதூதர்கள். அடுத்த வரியில் நின்றார். பிறகு வேறெந்த வரியையும்போல வாசித்தார்: "அஞ்சலை, கமா, என், ஃபுல் ஸ்டாப், கமா, ரோமன் நைன்." அதற்கடுத்தது புனித அன்னம்மாளின் சிற்றாலயம். அதை வாசிக்கவில்லை.

"சார், இந்தப் பேரு அந்தப் பக்கத்துல இல்ல."

"இல்லை."

"அப்ப தப்பு."

"தப்புதான்."

"சீட்டு எழுதணும்."

"எழுதுங்க."

எழுதினார். முசேவின் மேசைக்குப் போய் நின்று படித்தார். நாங்கள் எல்லோரும் கேட்டோம். 'இந்தப் பெயரை இங்கே வைத்தவருக்கு என்ன வேண்டும்?' முசே வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றவும் இல்லை. மெய்ப்பை வாங்கி, பெயருக்குக் கீழே வரிசையாகப் புள்ளிகள் வைத்தார். அடித்ததையோ ஐயப்பட்டதையோ அப்படியே விட்டுவிடு என்பதற்கு எங்கள் தொழிலில் அதுவே அடையாளம். "இருக்கட்டும்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, விருந்தில் மீன் வைத்தால் தாம் வருவதற்கில்லை என்றார்.

இரு வீட்டாரும் சம்மதிக்க இரண்டு ஆண்டு ஆயிற்று. என் வீட்டில் மாதா கோயில் கேட்டார்கள், அவர் வீட்டில் தாலி கேட்டார்கள், இரண்டும் நடந்தன. விருந்தில் கோழி. மாமியார் அதற்குள் விடியற்கால பஸ்ஸிலிருந்து இறங்கியிருந்தார், ஆனால் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் ஒன்பது மணி பஸ்ஸில் போனார்.

ஆசிரியர் எங்களை அழைத்தார். போகவில்லை. முதலியார்பேட்டையில் வீடு கட்டியது, பிள்ளைகள் படித்தது என்று காரணங்கள் வரிசையாக இருந்தன. போகத் தேவையும் இருக்கவில்லை. அந்த ஊரின் ஒவ்வொரு சந்தும் எங்களுக்குத் தெரியும். பிற்காலத்தில் ஓர் அரசன் ஆணையிட்டு மடத்தைக் கலைத்தான். ஊரார் கல் கல்லாகப் பெயர்த்துப்போய் வீடு கட்டிக்கொண்டார்கள். பெரிய வாசல் மட்டும் நிற்கிறது. அதைக் கடந்தால் புல்வெளி. ஆனாலும் வெள்ளிக்கிழமைச் சந்தை இன்றைக்கும் அந்த வாசலுக்கு முன்னால்தான் கூடுகிறதாம். பெரிய மார்க்கெட்டில் நண்பகல் ஆனால் அஞ்சலை கைக்கடிகாரத்தைப் பார்த்து, "கயித்த அறுத்திருப்பாங்க," என்பார். முப்பது ஆண்டுகள் அந்த ஒரே நகைச்சுவை எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

தை மாதம் மருத்துவமனையில் கொடுத்த சீட்டை அஞ்சலை படித்துவிட்டு, இரண்டாம் வரியில் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருக்கிறது என்றார். சரியாகத்தான் சொன்னார். அவர் எழுப்பிய கடைசிக் கேள்வி அது.

ஞாயிற்றுக்கிழமை சொல்லடைவின் முதல் பக்கத்தை அச்செடுத்து, பெயருக்குக் கீழே பென்சிலால் புள்ளிகள் வைத்துப் படமெடுத்து அனுப்பினேன். திங்கட்கிழமை காலை காயத்ரி அழைத்தார்.

"சார், பேருக்குக் கீழ புள்ளி புள்ளியா இருக்கே. பிரின்டர் கோளாறா?"

"இல்லம்மா. இருக்கட்டும்னு அர்த்தம்."

"ரூல்படி மெஷின் சொல்றது கரெக்ட் சார். இருக்கட்டும்னா காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, அத நிரப்பாம விடாது. சின்னக் கட்டம்தான். என்ன போடட்டும்?"

இந்தக் கட்டுரை அந்தக் கட்டத்தில் கொள்ளாது. ஆகவே ஒரு வரி சொன்னேன்: 'இந்தக் கேள்வி முன்பே கேட்கப்பட்டது, விடையும் கொடுக்கப்பட்டது.' காயத்ரி தட்டச்சு செய்யும் ஓசை கேட்டது. பேரு இருக்கும் சார் என்றார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை, நல்ல மெய்ப்பாளர்.

தொலைபேசியை வைத்துவிட்டு, அந்த மூன்று வரிகளையும் ஒரு முறை உரக்க வாசித்தேன், குறிகளோடு. வானதூதர்கள், அஞ்சலை, புனித அன்னம்மாள். வாசிப்பவன் இடத்தில் நான் இருந்தது அதுவே முதல் முறை. எதிரில் சரிபார்க்க ஆளில்லை. ஒரு காற்புள்ளியும் விட்டுப்போகவில்லை.